காவிய வீரனின் தலைக்கு மேல் ஒரு வளையம்

வெள்ளைக் கையுறையைப் போட்டதும் அறிவும் சேர்ந்து வந்துவிடும் என்று நம்புகிற தொழில் நம்முடையது. ரொறன்ரோவில் நாணய ஏலத் துறைக்கு நம்மவர்கள் மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். டாக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன்ற் என்று உங்கள் வீட்டில் போட்டிருந்த பட்டியலில் இல்லாத வேலை இது. எவ்வளவு வாங்கிக் கட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மாமனார் சாகும்வரை நான் வங்கியில் வேலை செய்வதாகத்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

லென்ஸ் பிடிக்கிற விதம், தராசு, கட்டலொக் எழுதுகிற முறை எல்லாம் இரண்டு கிழமையில் பழகிவிடும். அதைச் சொல்லித் தர எனக்குப் பொறுமையும் இல்லை, இனி யாரும் சம்பளம் தரப்போவதும் இல்லை. இருபத்தேழு வருடத்தில் நான் செய்த முட்டாள்தனங்களுக்குள் முதல் பரிசு வாங்கக்கூடிய ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னுடைய பிரியாவிடையில் பேசியவர்கள் எல்லாரும் அதை மிகக் கவனமாகத் தவிர்த்துக்கொண்டார்கள்.

முதலில் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆசியாவில் துர்க்மெனிஸ்தான் என்று ஒரு நாடு இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் தனிநாடான எல்லாருக்கும் வந்த அவசரம் அவர்களுக்கும் வந்தது. தாங்கள் யார் என்பதை உலகத்துக்கு உடனே சொல்லியாக வேண்டும். கொடி, கீதம், முத்திரை எல்லாம் ஆனபிறகு வெள்ளிக் காசிலும் சொன்னார்கள். காவிய வீரர்கள் என்று ஒரு வரிசை. ஒரு பக்கம் அரசு முத்திரை, மறுபக்கம் குதிரை, வாள், பானை அளவுக்கு ஆட்டுத்தோல் தொப்பி வைத்த ஒரு வீரன், பின்னால் கொஞ்சம் மலை.

அந்த வீரர்களில் ஒருவனுடைய கதை எனக்குப் பிடிக்கும். பணக்கார வியாபாரிகளை வழியில் மறித்துப் பறித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தவனாம். அவனை வெளிநாட்டில் அச்சடித்து, பிளாஸ்ரிக் கப்சூலுக்குள் அடைத்து, வெல்வெற் பெட்டியில் வைத்து, இலக்கமிட்ட சான்றிதழோடு பணக்காரர்களுக்கு விற்றோம். உயிரோடு இருந்திருந்தால் அவன் முதலில் மறித்திருக்கக்கூடியது எங்கள் ஏல மண்டப வாசலைத்தான். சிரித்தாலும் எனக்குள் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. பார்க்டேலில் ஒரு அறையில் ஏழு பேரோடு படுத்துக்கொண்டு கனடா வாழ்க்கையைத் தொடங்கியவன் நான். தன்னுடைய பாட்டன் கதையைத் தன் பெயரிலேயே காசில் வெளியிடுகிற நாடு கிடைத்தவர்களைப் பார்த்தால் அப்படித்தான் வரும்.

அந்தக் குளிர்கால ஏலத்துக்கு விட்பியில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர் இந்த வரிசை முழுவதையும் எங்களிடம் தந்திருந்தார். முழுவதும் என்றால் ஒன்றைத் தவிர. பெட்டியில் வட்டமான ஒரு பள்ளம் காலியாக இருந்தது. அந்தப் பள்ளத்துக்குரியவன் நான் சொன்ன அதே கொள்ளைக்கார வீரன். எங்கள் பிரிவுத் தலைவர் தினமும் காலையில் கோப்பியோடு வந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைப் பார்ப்பார். கட்டலொக் அச்சுக்குப் போக இரண்டு கிழமை இருந்தது.

அப்போதுதான் ஜெரென் வந்தார். ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர், துர்க்மெனியப் பெண், ஐம்பது வயது இருக்கும். வேலை உடுப்போடு ரெயினில் வந்திருந்தார். கைக்குட்டையை விரித்து மேசையில் வைத்தார். உள்ளே இருந்தது அந்த வீரன். கப்சூல் இல்லை, பெட்டி இல்லை, சான்றிதழ் இல்லை. அவனுடைய தொப்பிக்கு நேர் மேலே, விளிம்பில், தடித்த வெள்ளி வளையம் ஒன்று பற்றவைத்திருந்தது.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. காசைத் தொலைக்கலாம், மன்னிப்போம். வளையம் வைத்த காசைச் சேகரிப்பாளர் ஒருவரும் தொட மாட்டார், அது செத்த காசு.

எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஆளுக்கொரு விதமாக நொண்டியது. தமிழில் சொல்கிறேன்.

“இதை யார் இப்படிச் செய்தது?” என்று கேட்டேன். காசை யாரோ கொலை செய்துவிட்ட மாதிரி என் குரல் இருந்திருக்க வேண்டும்.

“என் அப்பா,” என்றார். “அவர் பள்ளிக்கூட ஆசிரியர். ஓய்வுபெற்றபோது இதைப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மா இறந்தபிறகு அம்மாவின் காப்பில் ஒரு துண்டு வெட்டி இந்த வளையத்தைச் செய்வித்தார். பேத்தியின், என் மகளின், கல்யாணத்துக்கு, மார்பு நகையில் தொங்கவிட. எங்களிடம் அப்படித்தான் வழக்கம்.”

கல்யாணம் இன்னும் இரண்டு கிழமையில். மொன்றியலில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய் இந்தக் காசைப் பார்த்துவிட்டு, அரசாங்கம் தருகிற காசு பெட்டியோடு வரும், அதில் யாரும் வளையம் பற்றவைக்க மாட்டார்கள், இது சந்தையில் விற்கிற போலி, எங்கள் குடும்பத்து வெள்ளிக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பொய் சொன்னது ஜெரெனாம், அல்லது அவருடைய அப்பாவாம். அப்பா உயிரோடு இல்லை. ஜெரெனுக்குத் தேவை ஒரு கடிதம், இந்தக் காசு உண்மையானது என்று தெரிந்தவர்கள் யாராவது எழுதிய கடிதம்.

இதெல்லாம் அவர் தெளிவாகத்தான் சொன்னார். எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் நான் லென்ஸுக்குள் இருந்தேன். குதிரையின் பிடரி மயிர், எழுத்துகளின் விளிம்பு, எடை, எல்லாம் சரி. உண்மையான காசு. வளையத்தை மட்டும் எடுத்துவிட்டால் விட்பிக்காரரின் பள்ளம் நிரம்பிவிடும் என்று என் மூளை அதற்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டது.

விற்க வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வராத ஒருவரை நான் இந்தத் தொழிலில் கண்டதில்லை. சும்மா காட்ட வந்தேன் என்பார்கள், மதிப்புத் தெரிந்தால் போதும் என்பார்கள், பிறகு விலையைச் சொன்னதும் பேனை எங்கே என்று கேட்பார்கள். ஜெரெனையும் அந்த வரிசையில் நிற்கவைத்தேன். பரிசோதனைக்குக் காசை விட்டுப் போகச் சொன்னேன். ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தேவையான பராமரிப்பை நிறுவனம் செய்யலாம் என்று அதில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. அதை எழுதியவர்களும் வாசிக்கட்டும் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

காசைப் படம் எடுத்தேன். அசிங்கமாகத் தெரிந்ததால் வளையத்தைச் சட்டகத்துக்கு வெளியே விட்டு எடுத்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அசிங்கமாகத் தெரிகிறதைத்தான் முதலில் படம் எடுக்க வேண்டும்.

புதன்கிழமை காசை ஸ்காபரோவுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பிளாசாவில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவர் நகைப் பட்டறை வைத்திருந்தார். என்னைவிட மூப்பு, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிடுவேன். எங்கள் நிறுவனத்தின் சில்லறைத் திருத்த வேலைகள் எல்லாம் அவரிடம்தான் போகும். அவருடைய கை பட்டால் தழும்பு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க என் வயதுக் கண்ணுக்கு இரண்டு லென்ஸ் வேண்டும்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சொந்தக்காரருக்குத் தெரியுமோ தம்பி?”

“ஓம் நானா, ஓம்.”

“கழட்டச் சொல்லித்தான் தந்தவையோ?”

“ஓமெண்டு சொல்லுறனெல்லே.”

ஒரு மணித்தியாலத்தில் வளையம் போய்விட்டது. விளிம்பு பளபளவென்று இருந்தது. கட்டலொக்கில் அதை எப்படி எழுதுவது என்பதையும் காரிலேயே யோசித்துவிட்டேன். விளிம்பில் சிறு தொடுதல். நம்முடைய தொழிலின் மொழி அப்படிப்பட்டது. உடைந்திருந்தால் குணாதிசயம் நிறைந்தது என்போம், தேய்ந்திருந்தால் அனுபவம் கண்டது என்போம். என்னைப் பற்றிப் பிறகு பிரியாவிடையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதே சொற்கள்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் என் கெட்டித்தனத்தை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு அருமையான காசு, ஜெரெனின் அப்பா வெல்டிங் செய்கிற மாதிரி வளையத்தை ஒட்டிவைத்திருந்தார், படித்த ஆசிரியர் செய்கிற வேலையா, என்று அளந்துகொண்டே போனேன். அவள் புட்டைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த மனுசி கழட்டச் சொன்னவவோ?” என்று கேட்டாள்.

“இல்லை. விலையைக் கேட்டால் சந்தோசப்படுவா.”

“உது ஆர் சொன்னது, அவவோ நீங்களோ?”

“நீர் இந்தத் தொழிலைப் பற்றி விளங்காமல் கதைக்கிறீர்.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்து மேசை விளக்குக்குக் கீழே பிடித்தாள். தாலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பவுண் காசு. என் அம்மா போட்டுவிட்டது. இரண்டிலும் வளையம் பற்றவைத்துத்தான் கொடியில் கோத்திருந்தது.

“இதையும் கொண்டுபோய்க் கழட்டுங்கோவன்,” என்றாள். “மினுக்கி, பெட்டிக்குள்ள வைச்சு, ஆருக்கேன் வித்துவிடுங்கோ. நல்ல விலை வருமெல்லே.”

முப்பத்தைந்து வருடம் அந்தக் கொடியை என் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான். அதிலிருந்த பவுணை ஒருநாளும் செத்த காசு என்று நினைத்தது கிடையாது. சேதமடைந்தது என்று எழுத என் கை வந்திருக்காது. அது காசாகக்கூட எனக்குத் தெரிந்ததில்லை, அவளுடைய கழுத்தாகத்தான் தெரிந்தது. ஜெரென் சொன்ன அவ்வளவும், அம்மாவின் காப்பு, வெட்டிய துண்டு, பேத்தியின் கல்யாணம், அப்போதுதான் காதிலிருந்து மண்டைக்குள் இறங்கியது. வெட்கமாக இருந்தது. புட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே நானாவின் வாசலில் நின்றேன்.

“நானா, அந்த வளையம் எங்கை?”

“ஏன் தம்பி?”

“சொந்தக்காரருக்குத் தெரியாது. நான் அண்டைக்குச் சொன்னது பொய்.”

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து வெல்வெற் துணியில் கவிழ்த்தார். உருக்குவதற்கு என்று வாங்கிப் போட்ட வெள்ளித் துண்டுகள், வேண்டாதது என்று அந்த வளையத்தையும் அதற்குள்தான் போட்டிருந்தார். அதற்குள் தேடித் தேடி, அந்தத் தடிப்பில், அந்த அளவில் வளையங்களை ஒதுக்கினார். ஆறு இருந்தது.

“இதில ஒண்டு,” என்றார். “எது எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் படம் எடுத்திருப்பீங்கள்தானே.”

படத்தில் வீரன் இருந்தான், குதிரை இருந்தது, மலைகூட இருந்தது.

“ஒண்டை எடுத்துப் பத்தவைச்சுத் தாறன்,” என்றார் நானா. “அரை மணித்தியால வேலை. சொந்தக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் வாய் திறக்க மாட்டன்.”

அவர் அதைச் செய்யச் சொன்னாரா, செய்வேனா என்று பார்த்தாரா என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை.

வாசலில் நின்று பிரிவுத் தலைவருக்கு ஃபோன் எடுத்தேன். அவர் பதறவே இல்லை. படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, பராமரிப்பு நடந்தது, நாணயம் உண்மையானது என்று இரண்டு வரிக் கடிதம் கொடுங்கள், வளையத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் வரக் கூடாது, முடிந்தால் விற்கவும் சொல்லிப் பாருங்கள் என்றார். சனிக்கிழமை காலையில் இவ்வளவு தெளிவாக யோசிக்கிறவர்கள்தான் தலைவர்களாக வருகிறார்கள்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இரண்டும் சுலபமான வழி, இரண்டிலும் எனக்கு எந்தக் கெடுதலும் இல்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஞானம் வந்து நான் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பாள் என்ற பயம்தான் பெரிய காரணம். ஆறு வளையத்தையும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் ஒஷாவாவுக்குக் காரை விட்டேன்.

ஜெரெனின் அப்பார்ட்மென்ற் நான்காம் மாடியில். கல்யாண வேலையில் வீடு முழுவதும் துணியாகக் கிடந்தது. தேநீர் வைத்தார், ரொட்டி வைத்தார். நான் காசையும், ஒரு சின்னத் தட்டில் ஆறு வளையத்தையும் வைத்து, நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“நான் கழற்றச் சொன்னேனா?”

“இல்லை.”

“நான் சொன்ன கதை உங்களுக்கு விளங்கவில்லையா?”

“விளங்கியது. விற்க வருகிறவர்கள் சொல்கிற கதை என்று நினைத்தேன்.”

பால்கனிக் கதவைத் திறந்து, வெளியே போய் நிற்கச் சொன்னார். போனேன். கோட் உள்ளே கதிரையில் கிடந்தது, திரும்பிப் போய் எடுக்கத் துணிவு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஒவ்வொரு வளையமாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகக் கீழே வைப்பது தெரிந்தது. திரும்பவும் முதலிலிருந்து. மூன்றாவது சுற்றில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள், விலை கூடி அழுதவர்களும் உண்டு, குறைந்து அழுதவர்களும் உண்டு. நான் அழவைத்தது இவரை மட்டும்தான்.

கொஞ்சநேரம் கழித்துக் கதவைத் திறந்தார். மேசையில் இப்போது மகளின் மார்பு நகை விரித்திருந்தது. வெள்ளித் தகடுகள், இடையிடையே சிவப்புக் கல், அடியில் சின்னச் சின்ன மணிகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது.

“ஆறையும் பற்றவையுங்கள்,” என்றார். “ஒன்று மேலே. ஐந்து கீழே. கீழே மணி கட்டுவேன். எங்கள் நகையில் கீழே மணி இருக்கும்.”

“ஐந்து வேறு ஆட்களுடையது,” என்றேன். நாக்குக்கு இன்னும் புத்தி வரவில்லை.

“ஒன்று என் அம்மாவுடையது,” என்றார். “எது என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்திருந்தால் அது இல்லாமல் போயிருக்கலாம். ஆறையும் வைத்தால் அம்மா எங்கேயாவது இருப்பா.”

திங்கட்கிழமை நானா ஆறையும் பற்றவைத்தார். கூலி வாங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை, வேலையை மட்டும் பார்த்தார். முடிந்ததும், “வடிவா வந்திருக்கு,” என்றார், யாருக்கோ சொல்வது மாதிரி.

அதன்பிறகு அலுவலகத்தில் இருந்து நிறுவனத்தின் கடிதத் தாளில் கடிதத்தை எழுதினேன். இரண்டு வரி இல்லை, ஒரு பக்கம். நாணயம் உண்மையானது, எடை இவ்வளவு, இன்ன வரிசையைச் சேர்ந்தது. இதில் உரிமையாளரின் தாயுடைய காப்பிலிருந்து வெட்டிய வெள்ளியால் தந்தை செய்வித்த வளையம் இருந்தது. அதை உரிமையாளரிடம் கேட்காமல் கழற்றுவித்தவன் நான். கழற்றியதை வேறு துண்டுகளோடு கலக்கவிட்டவனும் நான். இப்போது பற்றவைத்திருக்கும் ஆறில் ஒன்றுதான் அது, எது என்று சொல்ல என்னால் முடியாது. இது என் தவறு. கையெழுத்து. பெயர், பதவி. ஒரு பிரதியை எடுத்து முறைப்படி கோப்பில் போட்டேன். முறைப்படி வேலை செய்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கும் போகவில்லை.

அந்தப் பிரதியைப் பிரிவுத் தலைவர் புதன்கிழமை கண்டுபிடித்தார். விட்பிக்காரரின் வரிசை பள்ளத்தோடேயே ஏலத்துக்குப் போனது, பள்ளத்தோடேயே விலைபோனது. வாங்கியவர் இப்போது அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். நான் போட்டிருந்த திட்டத்தைவிட இரண்டு வருடம் முந்தி என் ஓய்வு வந்தது. கேக் வெட்டினார்கள். கேக்கில் ஒரு காசு வரைந்திருந்தார்கள், சுற்றிவர ஐசிங். வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இந்த வேலையை நான் நேசித்தேன். உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து ஜெரென் ஃபோன் எடுத்தார். நான் அப்போது கராஜில் அலுவலகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“கடிதத்தை மாப்பிள்ளையின் அம்மா வாசித்தா,” என்றார். “இரண்டு தரம் வாசித்தா.”

“என்ன சொன்னா?”

“பொய் எழுதுகிறவன் தன்னைப் பற்றி இப்படி எழுத மாட்டான், காசு உண்மைதான் என்று சொன்னா. சொல்லிவிட்டுத் தன் கையாலேயே நடுவில் கொழுவிவிட்டா. உங்கள் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னா.”

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். அந்தப் பக்கம் ஜெரென் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பிறகு, இந்த ஆறில் உங்கள் அம்மாவுடையது எது என்று கேட்டா.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“இதுதான் என்று காட்டினேன். எல்லாரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மகள் அதை முத்தமிட்டாள்.”

“எதைக் காட்டினீர்கள்?”

“அந்த மனுசியின் விரலுக்குக் கிட்ட எது இருந்ததோ, அதை.”

அதற்கு மட்டும் நான் கடிதம் எதுவும் எழுதவில்லை.